வழியனுப்புதலின் எடை

காலை பத்தே முக்காலுக்கு ஆவுடையம்மை மூன்றாவது முறையாகக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். மூன்றாவது முறையும் அதே விடைதான் வந்தது. மாலை நாலரை மணிக்கு மேல் இரண்டாயிரத்து முந்நூறு வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழத் தொடங்கும்.

நாலாவது முறை போட அவளுக்குத் தைரியம் வரவில்லை. தாளை எடுத்துக்கொண்டு போக்குவரத்து அலுவலர் சட்டநாதனின் அறைக்கு ஓடினாள். அவர் ஓய்வுபெற இன்னும் நான்கு மாதம் இருந்தது. அந்த நான்கு மாதத்தில் எதுவும் நடக்காது என்று அவர் உறுதியாக நம்பியிருந்தார்.

அண்ணாச்சி என்பது ஒரு கோள். பூமியிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் கப்பல் பிடித்து வந்து சேர்ந்தபோதுதான் அது முழுக்க வாயு என்றும் கால் ஊன்றத் தரை கிடையாது என்றும் தெரிந்தது. திரும்பிப் போகக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கோளைச் சுற்றித் தட்டு போலப் பனிக்கற்கள் சுழன்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு குன்று அளவு. கல்லுக்கு ஒரு குடும்பமாகக் குடைந்து உள்ளே குடியேறினார்கள். இப்போது நாற்பதாயிரம் வீடுகள். சாதாரண நாளில் பக்கத்து வீடு தொள்ளாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் என்பதால் காம்பவுண்டுச் சுவர்த் தகராறு மட்டும் வரலாற்றிலேயே இல்லை.

தட்டுக்கு வெளியே ஒரு நிலா உண்டு. பெயர் தரகன். அது போகிற போக்கில் கற்களை லேசாக இழுக்கும். இழுத்த இழுப்பில் தட்டின் இரண்டு பக்கமும் கற்கள் நெருங்கிச் சுருண்ட இரண்டு கைகள் போலத் தெரியும். ஒரு வீடு கைக்குள் நுழைந்தால் பதினோரு நாள் அங்கே இருக்கும். பக்கத்து வீடு மூன்று கிலோமீட்டருக்கு வந்துவிடும். தோணியில் போய்வரலாம். கல்யாணம், காதுகுத்து, பெண் பார்த்தல், பெண்ணை அனுப்புதல், பழைய சண்டைக்குப் புதுப் பஞ்சாயத்து எல்லாம் அந்தப் பதினோரு நாளுக்குள்தான். பிறகு வீடு மறுபக்கம் வெளியேறித் தன் வழியே போய்விடும்.

"ஏம்மா ஆவுடை, கை இத்தன வருசமா இருக்கு. இன்னைக்கு என்ன புதுசா விழப்போகுது?" என்றார் சட்டநாதன்.

"கைங்கிறது ஒரு பொருள் இல்ல சார். அது நெரிசல். ரோட்டுல ஒரு மாடு படுத்துக் கெடக்குன்னு வைங்க. வண்டியெல்லாம் அங்கன வந்து மெதுவாகும், ஒரசும், தாண்டிப் போயிரும். வண்டி மாறிக்கிட்டே இருக்கும், நெரிசல் மட்டும் அங்கனயே நிக்கும். பால்வெளியிலயும் இதே கூத்துதான். கோடிக்கணக்கான நட்சத்திரம் கைக்குள்ள வரும், நெருங்கும், அந்தப் பக்கம் போயிரும்."

"மாட்டப் பாத்தே எத்தன தலமொற ஆச்சு. சரி, இப்ப மாடு எந்திரிக்கலங்கிறியா?"

"மாடு கெடக்கட்டும் சார். போக வேண்டிய வண்டி போகாம நிக்குது."

அவள் தாளை நீட்டினாள். கையின் வெளியேறும் ஓரத்தில், எல்லோரும் வாசல் என்று சொல்லும் இடத்தில், வழக்கமாக ஆயிரத்து ஐந்நூறு கற்கள் இருக்கும். இன்று இரண்டாயிரத்து முந்நூறு.

"எல்லா வீடும் ஜெட்டை அழுத்திப் புடிச்சு நிக்குது. நிக்க நிக்க அங்கன எடை கூடுது. எடை கூடினா ஈர்ப்பு கூடும். ஈர்ப்பு கூடினா பின்னால வார கல்லையும் புடிச்சு இழுக்கும். நாலரை மணிக்குள்ள ஜெட்டை அணைச்சா கல்லு தன் வேகத்துல வெளிய போயிரும். அதுக்கு மேல, எல்லாருமாச் சேர்ந்து ஒருத்தர ஒருத்தர் விடமாட்டாவ. மோதி ஒரே உருண்டையா ஆயிரும்."

"எதுக்கு நிக்காவளாம்?"

ஆவுடை அவரைப் பார்த்தாள். அவருக்குத் தெரியாததல்ல. ஜெட் அடிக்க அனுமதி மோதல் தவிர்ப்புக்கு மட்டும்தான், அதுவும் ஐந்து நிமிடம். ஆனால் அண்ணாச்சியைச் சுற்றும் எந்தக் குடும்பமும் ஒரு தடவையில் விடைபெற்றதாகச் சரித்திரம் கிடையாது. கூடத்தில் ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை, தோணியில் ஏறிய பிறகு ஒரு தடவை. அப்புறம் முறுக்கு டின்னை மறந்துவிட்டோம் என்று திரும்பி வந்து இன்னொரு தடவை. அதற்குள் வீடு நகர்ந்துவிடக் கூடாதே என்று ஜெட்டை அழுத்திப் பிடிப்பார்கள். நாற்பது நிமிடம் பிடித்த காலத்தில் ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை கையில் நானூற்றுப் பன்னிரண்டு கல்யாணம். மூன்று நாளாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. உள்வட்டத்துக் கல் வேகமாகச் சுற்றும், வெளிவட்டத்துக் கல் மெதுவாகச் சுற்றும். இந்த முறை பக்கத்தில் நின்ற வீடு அடுத்த முறை கைக்குள் வரும்போது தட்டின் எந்த மூலையில் இருக்குமோ. அதே இரண்டு வீடுகள் மறுபடி ஒன்றாகக் கைக்குள் வர இருபத்து மூன்று வருடம் ஆகும். நடுவில் திரையில் பேசலாம், முகம் பார்க்கலாம். தொட முடியாது. பிள்ளையை மடியில் வாங்க முடியாது.

"நட்சத்திரத்துக்கு மைனி கொழுந்தன் கெடையாது சார். அதான் அங்க எல்லாம் ஒழுங்கா நடக்கு" என்றாள் ஆவுடை.

சட்டநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுற்றறிக்கை ஒண்ணு விட்ருவோம்."

பதினொன்றரைக்கு எல்லா வீட்டுத் திரையிலும் அறிவிப்பு ஓடியது. உயிருக்கு ஆபத்து, நாலரைக்குள் ஜெட்டை அணைத்துவிட்டு வெளியேறவும்.

பன்னிரண்டுக்குள் அறிவிப்பின் பலன் தெரிந்தது. வாசல் முழுக்கத் தோணிகள். ஆபத்து என்றதும் ஒவ்வொரு வீட்டிலும் நாலு பேர், போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம் என்று அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். போனவர்கள் திரும்பும்வரை இருந்தவர்கள் ஜெட்டை இன்னும் அழுத்தினார்கள். அலுவலகத்துக்கு வந்த முந்நூறு அழைப்புகளில் பாதி, நாலரையை ஐந்தரை ஆக்க முடியுமா என்று கேட்டன. ஒருவர் மட்டும், இந்த ஆபத்து அடுத்த முறையும் வருமா, வந்தால் முன்கூட்டிச் சொன்னால் மண்டபம் பார்க்க வசதியாக இருக்கும் என்றார்.

ஆவுடை மறுபடி கணக்கைப் போட்டாள். நாலரை, நாலு பதினெட்டு ஆகியிருந்தது.

"மிரட்டினா நிக்காவ. கெஞ்சினாலும் நிக்காவ" என்றாள். "போகச் சொன்னாத்தான் சார் நம்மாளுக நிக்காவ."

"அப்ப இருக்கச் சொல்லுவோம்" என்றார் சட்டநாதன்.

"என்ன சார்?"

"தரகனோட இழுப்பு கூடியிருக்கு, வியாழக்கெழம வரைக்கும் எந்த வீடும் நகராது, ஜெட்டு தேவையில்ல, அணைச்சிட்டு நிம்மதியா இருங்கன்னு சொல்லு. அணைச்சிருவாவ. அணைச்சா?"

"போயிருவாவ" என்றாள் ஆவுடை. "தெரியாமலே போயிருவாவ. ஆனா சார், ஆளுக வீடு மாறிக் கெடக்காவளே. புருசன் ஒரு கல்லுல, பொண்டாட்டி இன்னொரு கல்லுல. அப்படியே பிரிஞ்சா இருபத்து மூணு வருசம்."

"நாலு மணிக்கு எல்லாரும் அவுகவுக பதிவான வீட்டுல இருந்தா?"

"எப்படி இருப்பாவ?"

நாற்பது வருட அரசுப் பணியின் அனுபவம் முழுவதும் அப்போது சட்டநாதனின் முகத்தில் இறங்கியது. "சரியா நாலு மணிக்கு வீடு தேடி விலையில்லா மிக்ஸி. பதிவேட்டுல பேரு உள்ள அத்தன பேரும் நேருல இருக்கணும். ஒரு ஆள் கொறஞ்சாலும் கெடையாது."

"நம்புவாவளா சார்?"

"உசிருக்கு ஆபத்துன்னா யோசிப்பாவ. இலவசம்னா ஓடி வருவாவ."

ஆவுடை எழுதுவதற்கு உட்கார்ந்தாள். எழுத வரவில்லை. "ஒரு வார்த்த சொல்லிக்காம பிரிச்சு விடுதோம் சார். ஒண்ணு ரெண்டு பேர இல்ல. அதுல பாதிப் பேரு அடுத்த தடவைக்கு இருக்கமாட்டாவ."

"உசிரோட இருந்து நம்மள ஏசட்டும்மா. எழுது."

அவள் எழுதினாள். எழுதும்போது அவளுக்கு அக்காவின் ஞாபகம் வந்தது. ஞாபகம் என்று சொல்வதற்கு அதிகம் இல்லை. சண்முகவடிவு இந்த அலுவலகக் கல்லில்தான் பிறந்தாள். அப்பா இங்கே கொதிகலன் மெக்கானிக். அக்காவை இருபத்தொரு வயதில் வெளிவட்டத்து வீடொன்றில் கட்டிக்கொடுத்தபோது ஆவுடைக்கு மூன்று வயது. எண்ணெய் வாசனை அடிக்கும் ஒரு மடி, அவ்வளவுதான் மிச்சம். அப்பாவும் அம்மாவும் போய் ஆறு வருடம் ஆகிறது. இந்த முறை அக்காவின் வீடு எட்டு கிலோமீட்டரில் வந்து நின்றது. அக்கா மகனுக்கு இதே கைக்குள் கல்யாணமும் ஆனது. நாலாம் நாள் போகிறேன் என்றாள் ஆவுடை. ஏழாம் நாள் போகிறேன் என்றாள். பணி விடவில்லை. இன்று மாலை ஆறு மணிக்குக் கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

ஒரு மணிக்கு அறிவிப்பு போனது. மூன்று மணிக்குள் தோணிகள் கூடு திரும்பும் காக்கைகள் போல அவரவர் கல்லை நோக்கிப் பறந்தன. தன் நாட்டு மக்களை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டதில் சட்டநாதனுக்கே கொஞ்சம் வருத்தம்.

மூன்று இருபதுக்கு முன்வாசல் மணி அடித்தது. ஆவுடை கதவைத் திறந்தாள். கையில் தூக்குச்சட்டியோடு ஒரு பெண் நின்றாள். காதோரம் நரை.

"ஏட்டி ஆவுடை" என்றாள் அவள். "அப்படியே அம்மா மொகம்ட்டி ஒனக்கு."

எட்டு கிலோமீட்டர். தோணிக்கு முப்பத்தைந்து நிமிடம். இந்த நிமிடமே கிளம்பினால்தான் நாலுக்குள் அக்கா தன் வீட்டில் இருப்பாள். உண்மையைச் சொன்னால் அழுவாள், கட்டிப்பிடிப்பாள், அதற்கே பத்து நிமிடம் ஆகும். ஆவுடையே விடமாட்டாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"நாலு மணிக்கு நீ வீட்டுல இருக்கணும்லா" என்றாள்.

"அது கெடக்கு. நீதான் வரமாட்டேங்கிய. உளுந்தங்களி கிண்டினேன். ஒரு வாய் சாப்பிடு."

"டூட்டில இருக்கேன். வெளியாளுகள உள்ள விடக் கூடாது."

"வெளியாளா? நான் பொறந்த வீடுட்டி இது."

"இருக்கட்டும். நீங்க போங்க." நீங்க என்ற சொல் தானாக வந்து விழுந்தது. அக்காவின் முகம் மாறியது. இன்னும் போகவில்லை. ஆவுடை கண்ணை மூடிக்கொண்டு கடைசிக் கல்லையும் எறிந்தாள். "ஒங்க மொகமே எனக்கு ஞாபகம் இல்ல. இருபத்து மூணு வருசம் இல்லாத சொந்தம் இன்னைக்கு எதுக்கு? மிக்ஸி வாங்கப் போங்க."

சண்முகவடிவு குனிந்தாள். தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தாள். திரும்பி நடந்தாள். ஆவுடை கதவைச் சாத்தினாள். சற்று நேரத்தில் தோணி கழன்று போகும் சத்தம் கேட்டது. வடிகட்டிய காற்று ஓடும் அந்த நடைவழியில் தூசி என்பதே கிடையாது. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அவள் திரைக்குத் திரும்ப முடிந்தது.

நாலு மணி. வாசலில் ஜெட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. திரையில் வெள்ளைப் புள்ளிகள் தயங்கின. பிறகு ஓரத்துப் புள்ளிகள் மெல்ல வெளியே வழுக்கின. நூறு. இருநூறு. யாரும் அவற்றைத் தள்ளவில்லை. தங்கள் வட்டத்தில் எப்போதும் போகிற வேகத்தில் அவை போயின.

"போகுதும்மா" என்றார் சட்டநாதன் மூச்சுவிடாமல்.

நாலு ஆறுக்கு ஆவுடை நாற்காலியை விட்டு எழுந்தாள். நடுவில் இருந்த அறுபது எழுபது புள்ளிகள் வெளியே போகாமல் வளைந்து திரும்பிக்கொண்டிருந்தன. எதையோ சுற்றி வருவதுபோல. எதை என்று பார்த்தாள். நடுவில் இருந்த பெரிய புள்ளியில் அலுவலகத்தின் முத்திரை இருந்தது.

"சார், நம்ம கல்லு நகரல."

"நாமதான் ஜெட்டு அடிக்கலையே!"

"அடிக்கோம் சார்."

மற்ற கற்களைப்போல இருபது மடங்கு எடை அலுவலகக் கல். எல்லோரையும் அனுப்பிவிட்டுத்தான் அலுவலகம் கிளம்ப வேண்டும் என்பது தொன்றுதொட்ட மரியாதை. அதனால் கடைசி நாள் ஜெட்டை அழுத்திப் பிடிப்பது சமையல்காரர் பால்ராசுவின் வேலை. எந்த வீட்டிலும் ஜெட்டின் கைப்பிடி அடுப்படியில்தான் இருக்கும். சோறு வேகவைக்கும் கொதிகலனும் வீட்டை நிறுத்திவைக்கும் கொதிகலனும் ஒன்றே. பால்ராசுவை உள்தொலைபேசியில் கூப்பிட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் கடமை தவறாதவர். கைப்பிடியை அழுத்திய நிலையிலேயே சணல் கயிற்றால் கட்டிவிட்டு, மிக்ஸிக்காகத் தன் வீட்டுக்குப் போயிருந்தார்.

நாலு ஒன்பது. அடுப்படி கல்லின் மறுகோடியில் இருந்தது. ஆவுடை ஓடினாள். ஈர்ப்பு குறைந்த நடைவழியில் ஓடுவது என்றால் சுவருக்குச் சுவர் தாவுவதுதான். முழங்கை தேய்ந்தது, செருப்பு ஒன்று எங்கோ மிதந்து போனது. ஒன்பது நிமிடத்தில் அந்த எழுபது வீடும் அலுவலகக் கல்லின்மேல் விழும். பின்னால் நிற்கும் ஆயிரத்துச் சொச்சமும் அதன்மேல் விழும். நாலு பதிமூன்றுக்கு அடுப்படிக் கதவைத் தள்ளினாள்.

கைப்பிடி மேலே இருந்தது. கயிறு இரண்டாக அறுந்து தொங்கியது. சண்முகவடிவு காய் நறுக்கும் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் இருந்தது.

ஆவுடை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயால் மூச்சு வாங்கியது. "நீ... தோணி போச்சே."

"தோணிக்காரன் மட்டும் போயிருப்பான். முன்வாசல்ல வெரட்டினா பின்வாசல் இல்லையா? ஐஸ் எறக்குத வழிய எனக்குச் சொல்லித் தரணுமா?"

"அப்ப ஒனக்கு எல்லாம் தெரியுமா?"

"எல்லாப் பொம்பளைக்கும் தெரியும்ட்டி. ஜெட்ட அழுத்தினா இட்லி வேகாது. அதான் எப்பவும் உள்ள சங்கடம். இந்த மூணு நாளா ஜெட்டுக்கு ஆவி கொஞ்சம்தான் செலவாகுது, வீடு பாதி தானா நிக்குது. இட்லி பஞ்சு மாதிரி வருது. என்னமோ நம்மளப் புடிச்சு வச்சிருக்குன்னு பேசிக்கிட்டோம். வேற வேல இல்லாமலா ஆபீசு மிக்ஸி குடுக்கும்?"

பேச்சுக்கு நடுவே அடுப்படிச் சன்னலில், மிக அருகில் வந்துவிட்ட ஒரு வீடு தெரிந்தது. அதன் சன்னலுக்குள் கொடியில் காயும் துணிகூடத் தெரிந்தது. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்கள். வீடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு சிறுத்தது. இன்னும் சிறுத்தது.

நாலு இருபத்தைந்துக்குச் சட்டநாதனின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. எல்லாக் கற்களும் வெளியேறிவிட்டன. ஒன்றும் மோதவில்லை. அவர் அழுகிறாரோ என்று தோன்றியது. பிறகு அதே குரல், ஆனால் வேறு தினுசாக, வீடுகளிலிருந்து வரும் புகாரை வாசிக்கத் தொடங்கியது. பதிவான வீட்டில் இல்லாதவர்கள் நூறு பேர். நூற்று எண்பது. இருநூற்றுப் பதினாறு. அத்தனையும் பெண்கள். வெவ்வேறு வட்டங்களுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள். அத்தனை பேரும் பிறந்த வீட்டுக் கல்லில் இருந்தார்கள். இருநூற்றுப் பதினேழாவது பெயரை வாசிக்கும்போது சட்டநாதன் சற்று நிறுத்தினார். அது அவருடைய மனைவியின் பெயர்.

"அக்கா" என்றாள் ஆவுடை. "இனி இருபத்து மூணு வருசம் நீ போக முடியாது. அத்தான்? ஒன் பையன்?"

"பையனுக்குக் கல்யாணம் முடிச்சாச்சு. மருமக கெட்டிக்காரி." சண்முகவடிவு பாலை இறக்கினாள். "அங்கன இருபத்து மூணு வருசம் இருந்தேன். கொற ஒண்ணும் இல்ல. அம்மா போனப்ப திரையில பாத்தேன். அப்பா போனப்ப திரையில பாத்தேன். ஒன்னையும் அப்படிப் பாக்கணுமா?" அவள் இரண்டு டம்ளரை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஒனக்குச் சீனி எத்தன கரண்டிட்டி? அதுகூட எனக்குத் தெரியாது."

ஆவுடை பதில் சொல்வதற்குள் சுவரில் இருந்த திரை கூவியது. அழைப்பது அக்காவின் வீடு. சண்முகவடிவு கையை ஆட்டி, எடுக்காதே என்றாள். ஆவுடை எடுத்தாள். மத்தியானமே நாற்பதாயிரம் வீட்டுக்கும் பொய் சொல்லியாகிவிட்டது. இன்னொன்றுக்கு வாயில் இடமில்லை.

திரையில் அத்தான் இருந்தார். வெளிறிய முகம். பின்னால் புது மருமகள் கொதிகலன் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆவுடை, ஒங்க அக்கா கெளம்பிட்டாளா? தோணிக்காரன் தனியா வந்திருக்கான், அவ பின்னால வேற தோணில வாரேன்னாளாம். எங்க வீடு வேற நகந்துக்கிட்டே இருக்கு. வழியில ஏதும்..."

"ஒண்ணும் இல்ல அத்தான். அக்கா இங்கதான் இருக்கா. நல்லா இருக்கா." ஆவுடை அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "அவ வரல அத்தான். இங்கதான் இருக்கேங்கா."

படம் உறைந்துவிட்டதோ என்று ஆவுடை நினைத்தாள். உறையவில்லை, அவர் கண் இமைத்தது. பக்கத்தில் இருந்த எதையோ பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அடுப்படியில் சண்முகவடிவு திரைக்குத் தெரியாத மூலையில் கத்தியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் மிக்ஸி மிக்ஸின்னு எல்லாரையும் நான் வெரட்டிக்கிட்டே கெடந்தேன்" என்றார் அத்தான் கடைசியில். "ஒனக்குக் களி கிண்டணும்னு அவ எலையில உக்காரவே இல்ல. சாப்பிட்டாளா?"

கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"இன்னும் இல்ல அத்தான்" என்றாள் ஆவுடை.

"சாப்பிடச் சொல்லு" என்றார் அவர். அவருடைய வீடு தன் வட்டத்தில் போய்க்கொண்டே இருந்தது.